நட்சத்திரங்கள் எப்படிப் பிறந்து, வாழ்ந்து, அழிகின்றன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நட்சத்திரங்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். படிக்கும்போது ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மனதில் பிடித்துக்கொள்ளுங்கள்: பிறக்கும்போது அந்த நட்சத்திரத்துக்கு எவ்வளவு நிறை இருந்தது? மற்ற எல்லாமே, அதாவது நிறம், வெளிச்சம், ஆயுள், சாகும் விதம் எல்லாமே, அநேகமாக அந்த ஒன்றிலிருந்துதான் வருகின்றன.

உயிரே இல்லாத ஒன்றுக்குப் ‘பிறப்பு’, ‘இறப்பு’ என்றெல்லாம் ஏன் சொல்கிறோம்?

அதற்கு ஒரு தொடக்கமும் முடிவும் இருப்பதால்தான். ஒரு நட்சத்திரம் முழுக்க முழுக்க ஒரு இழுபறி. அதன் சொந்த ஈர்ப்பு எல்லாவற்றையும் மையத்தை நோக்கி இழுக்கிறது, உள்ளே இருக்கும் வெப்பத்தின் அழுத்தம் வெளியே தள்ளுகிறது. இரண்டும் சமமாக இருக்கும்வரை நட்சத்திரம் வாழ்கிறது என்கிறோம். ஈர்ப்புக்கு எரிபொருள் தேவையில்லை, வெப்பத்துக்குத் தேவை. எரிபொருள் என்றாவது தீர்ந்துதானே ஆக வேண்டும்?

நட்சத்திரம் எதிலிருந்து பிறக்கிறது?

குளிர்ந்த மேகத்திலிருந்து. ‘குளிர்ந்த’ என்பது பலருக்கும் ஆச்சரியம். விண்வெளியில் மிதக்கும் மூலக்கூறு மேகங்களின் வெப்பநிலை மைனஸ் 260 டிகிரி செல்சியஸுக்குப் பக்கத்தில் இருக்கும். பெரும்பாலும் ஹைட்ரஜன், அடுத்தபடியாக ஹீலியம், கொஞ்சம் தூசி. சூடாக இருந்தால் வாயு தெறித்து விலகிக்கொண்டே இருக்கும், ஈர்ப்பால் பிடித்து வைக்க முடியாது. குளிர்ந்திருப்பதால்தான், எங்காவது ஒரு இடத்தில் அடர்த்தி கொஞ்சம் கூடினால், அந்த இடம் சுற்றியிருப்பதை இழுத்து, இழுத்ததால் இன்னும் கனமாகி, இன்னும் வேகமாக இழுக்கத் தொடங்குகிறது.

மேகம் இப்படிச் சுருங்கும்போது பல துண்டுகளாக உடையும். அதனால் நட்சத்திரங்கள் பெரும்பாலும் கூட்டமாகத்தான் பிறக்கின்றன. சுருங்கச் சுருங்க உள்ளே வெப்பம் ஏறும். லேசாகச் சுழன்றுகொண்டிருந்த மேகம், சுருங்கியதும் வேகமாகச் சுழலும், சுற்றிலும் தட்டையான ஒரு வட்டு உருவாகும். கோள்கள் அந்த வட்டில் மிஞ்சியதிலிருந்து வந்தவை, நம் பூமியும் அப்படித்தான். மையத்தில் வெப்பநிலை சுமார் 1 கோடி டிகிரியைத் தொட்டதும் அணுக்கரு இணைவு, அதாவது சிறிய அணுக்கருக்கள் சேர்ந்து பெரியதாகும் வினை, நிலையாகப் பற்றிக்கொள்கிறது. சூரியன் அளவுள்ள ஒன்றுக்கு இந்த நிலைக்கு வர ஏறக்குறைய 5 கோடி ஆண்டுகள் ஆகும்.

எல்லா வாயு உருண்டையும் நட்சத்திரம் ஆகிவிடுமா?

ஆகாது. சூரியனின் நிறையில் குறைந்தது 8 சதவீதமாவது வேண்டும். அதற்குக் கீழே போனால் மையம் போதுமான அளவு சூடாகாது. அப்படி நின்றுபோனவற்றைப் பழுப்புக் குள்ளர்கள் என்கிறார்கள். வியாழன் கோளை ‘நட்சத்திரமாகத் தவறிப்போனது’ என்று சிலர் சொல்வதுண்டு, அது கொஞ்சம் மிகை. வியாழனைப் போல சுமார் 80 மடங்கு நிறை சேர்ந்தால்தான் நட்சத்திரம்.

சூரியன் எரிகிறது என்கிறோமே, அது தீயா?

இல்லை. தீ என்பது ஆக்ஸிஜனோடு நடக்கும் வேதிவினை. சூரியன் முழுவதும் நிலக்கரியாக இருந்திருந்தால் சில ஆயிரம் ஆண்டுகளில் தீர்ந்திருக்கும். 19-ஆம் நூற்றாண்டில் கெல்வின் பிரபு, சூரியன் சுருங்குவதால்தான் வெப்பம் வருகிறது என்று கணக்குப் போட்டு, சில கோடி ஆண்டுகள் வரைதான் ஆயுள் என்ற முடிவுக்கு வந்தார். பூமியின் பாறைகளோ அதைவிட மிகப் பழமையானவை என்று புவியியலாளர்கள் சொன்னார்கள். அந்த முரண்பாடு பல பத்தாண்டுகள் தீராமல் இருந்தது. 1920-இல் ஆர்தர் எடிங்டன், ஹைட்ரஜன் ஹீலியமாக மாறுவதிலிருந்து ஆற்றல் வரலாம் என்றார். அது எந்தெந்தப் படிகளில் நடக்கிறது என்பதை ஹான்ஸ் பெத்தே 1939-இல் வெளியிட்டார், அதற்காக 1967-இல் நோபல் பரிசும் பெற்றார்.

நடப்பது இதுதான்: நான்கு ஹைட்ரஜன் அணுக்கருக்கள் படிப்படியாகச் சேர்ந்து ஒரு ஹீலியம் அணுக்கரு ஆகிறது. சேர்ந்த பிறகு நிறையில் 0.7 சதவீதம் குறைகிறது, குறைந்தது ஆற்றலாக வெளிவருகிறது. சூரியனில் ஒவ்வொரு நொடியும் சுமார் 60 கோடி டன் ஹைட்ரஜன் இப்படி மாறுகிறது.

இவ்வளவு பெரிய எண்ணைக் கேட்டதும் சூரியனின் மையம் ஓயாமல் வெடித்துக்கொண்டிருக்கும் குண்டு என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் அந்த வினை நம்பமுடியாத அளவுக்கு மெதுவானது. சூரிய மையத்தில் ஒரு கன மீட்டர் இடம் வெளியிடும் வெப்பத்தைவிட, அதே கன அளவுள்ள மனித உடல்கள் வெளியிடும் வெப்பம் அதிகம்! சூரியன் அவ்வளவு பெரியது என்பதால்தான் மொத்தமாகக் கூட்டினால் அந்த வெளிச்சம் வருகிறது. இந்த நிதானம் இல்லாவிட்டால் 460 கோடி ஆண்டுகள் அது தாக்குப்பிடித்திருக்காது.

திடீரென்று வினை வேகமெடுத்து வெடித்துவிடாதா?

விடாது, தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும். வினை கொஞ்சம் கூடினால் மையம் விரியும், விரிந்தால் குளிரும், குளிர்ந்தால் வினை குறையும். குறைந்தால் மறுபடி சுருங்கிச் சூடாகும். அவ்வளவுதான்.

பெரிய நட்சத்திரத்திடம் எரிபொருள் அதிகம். அப்படியென்றால் அது ரொம்ப நாள் வாழ வேண்டாமா?

நியாயமான கேள்வி, ஆனால் நடப்பது நேர் எதிர். நிறை கூடினால் ஈர்ப்பு கூடுகிறது, அதைத் தாங்க மையம் இன்னும் சூடாக இருந்தாக வேண்டும், சூடு கொஞ்சம் ஏறினாலே இணைவு வினை பலமடங்கு வேகமாகிறது. சூரியனைப் போல 10 மடங்கு நிறையுள்ள நட்சத்திரம் சில ஆயிரம் மடங்கு வெளிச்சமாக இருக்கும். பத்து மடங்கு சொத்து, சில ஆயிரம் மடங்கு செலவு. எத்தனை நாள் தாங்கும்? சூரியனுக்கு மொத்தம் சுமார் 1,000 கோடி ஆண்டு ஆயுள், இதற்கோ 2 அல்லது 3 கோடி ஆண்டுதான்.

மறுபக்கம் சிவப்புக் குள்ளர்களைப் பாருங்கள். சூரியனுக்கு மிக அருகில் இருக்கும் நட்சத்திரமான பிராக்சிமா சென்டாரி அந்த வகைதான், 4.24 ஒளியாண்டு தூரம், சூரியனின் நிறையில் 12 சதவீதம். இதைப் போன்றவை மங்கலாக, சிக்கனமாக, லட்சம் கோடிக் கணக்கான ஆண்டுகள் வாழும். பிரபஞ்சத்தின் வயதே 1,380 கோடி ஆண்டுதான் என்பதால், இதுவரை எந்தச் சிவப்புக் குள்ளனும் வயதாகிச் சாகவில்லை. நம் பால்வீதியில் பெரும்பான்மை இவைதான், ஆனாலும் வெறும் கண்ணுக்கு ஒன்றுகூடத் தெரியாது.

நிறமும் இதோடு சேர்ந்ததுதான். மேற்பரப்பு 3,000 டிகிரி என்றால் சிவப்பு, 10,000-ஐத் தாண்டினால் நீலம் கலந்த வெண்மை. சூரியன் 5,500 டிகிரி, இடையில் இருக்கிறது.

யாரும் 1,000 கோடி ஆண்டு உட்கார்ந்து பார்க்கவில்லையே. இதெல்லாம் எப்படித் தெரியும்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. சந்தேகப்படுவதுதான் சரி. மூன்று சாட்சிகளைச் சொல்கிறேன்.

முதல் சாட்சி நட்சத்திரக் கூட்டங்கள். ஒரே மேகத்தில் பிறந்ததால் ஒரு கூட்டத்தில் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே வயது, நிறை மட்டும் வேறு வேறு. இளங்கூட்டங்களில் கனமான நீல நட்சத்திரங்கள் இருக்கின்றன. பழைய கூட்டங்களில் அவை இல்லை, அந்த இடத்தில் சிவப்பு ராட்சதர்கள், அதாவது வயதாகி வீங்கிச் சிவந்த நட்சத்திரங்கள், இருக்கிறார்கள். எந்த நிறை வரைக்கும் ‘காலி’ ஆகியிருக்கிறது என்று பார்த்தால் கூட்டத்தின் வயதே தெரிந்துவிடும். கனமானவை முதலில் போகும் என்ற கணக்கு, பார்த்த கூட்டம் எல்லாவற்றிலும் ஒத்துவருகிறது.

இரண்டாவது, டெக்னீசியம் என்ற தனிமம். அதற்கு நிலையான வடிவமே கிடையாது, மிக நீண்ட நாள் இருக்கும் வகையும் 42 லட்சம் ஆண்டில் பாதியாகிவிடும். 1952-இல் பால் மெரில் சில சிவப்பு ராட்சதர்களின் நிறமாலையில் (ஒளியை நிறங்களாகப் பிரித்துப் பார்ப்பது) இந்த டெக்னீசியத்தைக் கண்டார். பல கோடி ஆண்டு வயதுள்ள நட்சத்திரத்தில், சில பத்து லட்சம் ஆண்டுகளில் தேய்ந்துபோகும் ஒரு பொருள் எப்படி இருக்க முடியும்? அந்த நட்சத்திரமே அதை அண்மையில் செய்திருந்தால்தான் முடியும். தனிமங்கள் நட்சத்திரங்களுக்குள் உருவாகின்றன என்பதற்கு இதைவிட நேரடியான அத்தாட்சியை நான் பார்த்ததில்லை.

மூன்றாவது நியூட்ரினோக்கள். சூரிய மையத்தில் பிறந்து, எதிலும் சிக்காமல் எட்டரை நிமிடத்துக்குள் பூமிக்கு வந்துவிடும் துகள்கள். நிலத்தடிக் கருவிகளில் அவை பிடிபட்டிருக்கின்றன, அதாவது உள்ளே இணைவு நடப்பதன் நேரடித் தடயம் நம் கையில் இருக்கிறது.

சூரியனுக்கு என்ன ஆகும்? பூமி தப்புமா?

சூரியன் பாதி வழியில் இருக்கிறது. இன்னும் சுமார் 500 கோடி ஆண்டுகளில் மையத்தில் ஹைட்ரஜன் தீரும். ஆனால் நமக்குப் பிரச்சினை அதற்கு வெகு முன்பே வரும். சூரியனின் வெளிச்சம் ஒவ்வொரு 100 கோடி ஆண்டுக்கும் ஏறக்குறைய 10 சதவீதம் கூடிக்கொண்டே போகிறது. அடுத்த 100 கோடி ஆண்டு வாக்கில் பூமி கடல்களைத் தக்கவைக்க முடியாத அளவுக்குச் சூடாகிவிடும். சிவப்பு ராட்சதன் கட்டத்தைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள், அப்போது பார்க்கப் பூமியில் கடலே இருக்காது.

சரி, அந்தக் கட்டத்தில் என்ன நடக்கும்? மையத்தில் ஹைட்ரஜன் தீர்ந்ததும் அங்கே மிஞ்சிய ஹீலியம் சுருங்குகிறது. சுருங்கினால் சூடாகும் இல்லையா, அந்தச் சூட்டில் மையத்தைச் சுற்றியுள்ள ஓட்டில் ஹைட்ரஜன் இன்னும் வேகமாக எரியத் தொடங்கும். அந்த வெப்பம் வெளி அடுக்குகளை ஊதிப் பெரிதாக்கிவிடும். உள்ளே சுருங்குகிறது, வெளியே வீங்குகிறது, இரண்டும் ஒரே நேரத்தில். வீங்கிய மேற்பரப்பு குளிர்வதால் சிவக்கிறது. சூரியன் இப்போதைய அளவைப் போல 200 மடங்குக்கு மேல் வளரும்போது புதனும் வெள்ளியும் உள்ளே போய்விடும். பூமியின் நிலை மயிரிழையில் நிற்கிறது: சூரியன் நிறையை இழப்பதால் பூமியின் பாதை விலகிப் பெரிதாகும், ஆனால் வீங்கிய சூரியனின் ஓத ஈர்ப்பு (கடலில் ஓதத்தை உண்டாக்கும் அதே வகை இழுப்பு) அதை உள்ளே இழுக்கும். பாறை உருண்டையாகத் தப்பினாலும் அது கருகிய உருண்டைதான்.

மையம் 10 கோடி டிகிரியைத் தொடும்போது மூன்று மூன்று ஹீலியமாகச் சேர்ந்து கார்பன் ஆகும், அதில் இன்னொரு ஹீலியம் சேர்ந்தால் ஆக்ஸிஜன். சூரியனால் இதற்கு மேல் போக முடியாது, நிறை போதாது. வெளி அடுக்குகள் மெல்ல விண்வெளிக்குக் கலைந்து போகும். நடுவில் பூமி அளவுக்கு ஒரு சூடான கரு மிஞ்சும், அதுதான் வெள்ளைக் குள்ளன். சூரியன் வெடிக்காது.

கலைந்து போகும் வாயுவைக் ‘கோள் நெபுலா’ என்கிறார்களே, கோளுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

எந்தச் சம்பந்தமும் இல்லை. 18-ஆம் நூற்றாண்டில் வில்லியம் ஹெர்ஷல் தன் தொலைநோக்கியில் பார்த்தபோது கோள்களைப் போல வட்டமாகத் தெரிந்ததால் வந்த பெயர். பெயர் தவறு, ஆனால் ஒட்டிக்கொண்டது.

வெள்ளைக் குள்ளனில் எரிபொருளே இல்லையே. அது ஏன் நொறுங்கவில்லை?

அங்கே தாங்கிப் பிடிப்பது வெப்பம் இல்லை, எலக்ட்ரான்கள். ஒரே நிலையில் இரண்டு எலக்ட்ரான்கள் இருக்க முடியாது என்பது குவாண்டம் விதி. அளவுக்கு மீறி நெருக்கினால் அவை எதிர்த்துத் தள்ளும், எவ்வளவு குளிர்ந்தாலும் அந்த அழுத்தம் போகாது. ஆனால் அதற்கும் ஒரு எல்லை உண்டு. 1930-இல், மேற்படிப்புக்காக இங்கிலாந்துக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்த சுப்பிரமணியன் சந்திரசேகர், ஐன்ஸ்டைனின் சார்பியல் கோட்பாட்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பார்த்தார். அப்போது அவருக்கு வயது 19. ஒரு குறிப்பிட்ட நிறைக்கு மேல் எலக்ட்ரான்களால் தாங்க முடியாது என்று தெரிந்தது. இன்று நாம் அறியும் மதிப்பு சூரியனைப் போல சுமார் 1.4 மடங்கு. 1935-இல் இதை எடிங்டன் பகிரங்கமாக மறுத்தார், நட்சத்திரம் அப்படி நடந்துகொள்ள இயற்கை விடாது என்பது அவர் வாதம். கணக்குதான் சரியாக இருந்தது. சந்திரசேகருக்கு நோபல் பரிசு 1983-இல் வந்தது. இணைவைச் சரியாக ஊகித்த அதே எடிங்டன் இங்கே தவறினார் என்பது என்னை இன்றும் யோசிக்க வைக்கிறது.

சூப்பர்நோவாவில், அதாவது நட்சத்திரம் வெடித்துச் சாகும்போது, உண்மையில் என்னதான் நடக்கிறது?

சூரியனைப் போல 8 மடங்குக்கு மேல் நிறையுள்ளவைதான் இந்த வழியில் போகும். 25 மடங்கு நிறையுள்ள ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஹைட்ரஜனை எரிக்க சுமார் 70 லட்சம் ஆண்டு எடுத்துக்கொள்கிறது. ஹீலியத்துக்கு 7 லட்சம் ஆண்டு. கார்பனுக்கு 600 ஆண்டு. நியானுக்கு ஓராண்டு. ஆக்ஸிஜனுக்கு ஆறு மாதம். சிலிக்கானுக்கு ஒரே நாள்! ஒவ்வொரு கட்டத்திலும் கிடைக்கும் ஆற்றல் குறைவு, இழப்போ அதிகம், அதனால் இந்த அவசரம்.

சிலிக்கான் எரிந்து முடிந்தால் மையத்தில் இரும்பு. இரும்பை இணைத்தால் ஆற்றல் வராது, போட்டால்தான் இணையும். கொடுக்க ஒன்றுமில்லாத மையத்தின் மீது ஈர்ப்பு அப்படியே இறங்குகிறது. பூமி அளவுள்ள இரும்புக் கரு ஒரு நொடிக்குள் சில பத்துக் கிலோமீட்டராகச் சரிகிறது. புரோட்டான்களும் எலக்ட்ரான்களும் நசுங்கி நியூட்ரான்கள் ஆகின்றன. மேலிருந்து விழும் பொருள் அந்தக் கெட்டியான கருவில் மோதித் திரும்புகிறது, கூடவே வெள்ளமாய் வரும் நியூட்ரினோக்கள் தள்ளிவிட, நட்சத்திரம் சிதறுகிறது. வெளிவரும் ஆற்றலில் 99 சதவீதம் நியூட்ரினோக்களாகத்தான் போகிறது. நாம் பார்த்து வியக்கும் வெளிச்சம் மிச்சத்தில் ஒரு சிறு பங்குதான்.

இது வெறும் ஏட்டுக் கணக்கு இல்லை. 1987 பிப்ரவரியில் பெரிய மெகல்லன் மேகம் என்ற பக்கத்துச் சிறு விண்மீன் மண்டலத்தில், சுமார் 1,68,000 ஒளியாண்டு தூரத்தில் ஒரு நட்சத்திரம் வெடித்தது. ஜப்பான், அமெரிக்கா, சோவியத் யூனியன் மூன்று இடங்களிலும் கருவிகள் சேர்ந்து 25 நியூட்ரினோக்களைப் பிடித்தன, ஒளி தெரிவதற்குச் சுமார் 3 மணி நேரத்துக்கு முன்பே. கருவிலிருந்து நியூட்ரினோ உடனே கிளம்பிவிடும், அதிர்ச்சி அலை மேற்பரப்பை வந்து சேர நேரம் எடுக்கும் என்று கணக்கு சொன்னது அப்படியே நடந்தது. அதற்கு வெகு காலம் முன்பு, 1054-இல் வெடித்த ஒன்றைச் சீன வானியலாளர்கள் குறித்து வைத்திருக்கிறார்கள்: 23 நாள் பகலிலேயே தெரிந்தது. அந்தச் சிதறல்தான் இன்று நாம் பார்க்கும் நண்டு நெபுலா.

இன்னொரு வகையும் உண்டு. இணை நட்சத்திரத்திடமிருந்து பொருளை இழுத்துக்கொள்ளும் வெள்ளைக் குள்ளன் எல்லை நிறையை நெருங்கி, கார்பன் மொத்தமாகப் பற்றி, ஒன்றும் மிஞ்சாமல் வெடிப்பது. அது வேறு கதை.

வெடித்த பிறகு என்ன மிஞ்சும்?

பெரும்பாலும் நியூட்ரான் நட்சத்திரம். சூரியனைவிட அதிகமான நிறை, சுமார் 20 கி.மீ. குறுக்களவுள்ள ஒரு உருண்டைக்குள். நண்டு நெபுலாவின் நடுவில் இருப்பது ஒரு நொடிக்கு 30 முறை சுழல்கிறது. இப்படித் துடிக்கும் முதல் ஒன்றை 1967-இல் கண்டவர் ஜோஸ்லின் பெல் என்ற ஆராய்ச்சி மாணவி. 1974-இல் நோபல் பரிசு அவருடைய வழிகாட்டிக்குப் போனது, அவருக்கு இல்லை. அது சரியில்லை என்றே நான் நினைக்கிறேன்.

மிஞ்சும் கரு இன்னும் கனமாக இருந்தால் நியூட்ரான்களாலும் தாங்க முடியாது, கருந்துளை ஆகிவிடும்.

கருந்துளை எல்லாவற்றையும் உறிஞ்சிவிடுமா?

இல்லை. சூரியனை எடுத்துவிட்டு அதே நிறையுள்ள கருந்துளையை வைத்தால் பூமி இதே பாதையில் சுற்றிக்கொண்டே இருக்கும், இருட்டும் குளிரும்தான் வித்தியாசம். அந்தக் கருந்துளையின் ஆரம் 3 கி.மீ.தான் இருக்கும். மிக அருகில் போனால்தான் ஆபத்து.

நம் உடல் நட்சத்திரத் தூசியா?

பெரும்பகுதி, ஆமாம். முழுவதும் இல்லை. உடலில் உள்ள ஹைட்ரஜன் பெருவெடிப்பிலேயே வந்தது, எந்த நட்சத்திரமும் அதைச் செய்யவில்லை. எடையில் அது 10 சதவீதம் இருக்கும். ஆக்ஸிஜன் கனமான நட்சத்திரங்களில் சமைந்தது. கார்பனில் நல்ல பங்கு சிவப்பு ராட்சதர்கள் ஊதித் தள்ளியது. ரத்தத்தில் உள்ள இரும்பும் எலும்பில் உள்ள கால்சியமும் சூப்பர்நோவாக்களின் கொடை. தங்கத்துக்கு வழி வேறு: 2017 ஆகஸ்ட் 17 அன்று இரண்டு நியூட்ரான் நட்சத்திரங்கள் மோதியதை ஈர்ப்பலையிலும் ஒளியிலும் சேர்த்தே பார்த்தார்கள், அங்கே கனமான தனிமங்கள் உருவானதன் தடயம் கிடைத்தது.

நாம் பார்க்கும் நட்சத்திரங்களில் பாதி ஏற்கெனவே இறந்தவை என்கிறார்களே?

கேட்க நன்றாக இருக்கும், ஆனால் தவறு. வெறும் கண்ணுக்குத் தெரிபவற்றில் பெரும்பாலானவை 1,000 ஒளியாண்டுக்குள் இருக்கின்றன. மிகக் குறுகிய ஆயுள் கொண்ட நட்சத்திரமே சில பத்து லட்சம் ஆண்டு வாழும்போது, அந்த ஆயிரம் ஆண்டுக்குள் அது செத்திருக்க வாய்ப்பு எவ்வளவு? கிட்டத்தட்ட எல்லாமே இப்போதும் இருக்கின்றன.

ஓரையன் கூட்டத்தில் உள்ள திருவாதிரை என்ற சிவப்பு நட்சத்திரம் வெடித்துவிட்டதா என்று கேட்டாலும் இதே பதில்தான். 2019 கடைசியிலிருந்து 2020 பிப்ரவரி வரை அது திடீரென மங்கியபோது ‘வெடிக்கப் போகிறது’ என்ற பேச்சு பரவியது. அது தானே கக்கிய தூசி மறைத்ததுதான் காரணம், பிறகு வெளிச்சம் திரும்பிவிட்டது. வெடிக்கும், ஆனால் அடுத்த ஒரு லட்சம் ஆண்டுக்குள் என்கிற மாதிரியான ‘சீக்கிரம்’. வெடித்தாலும் 500 ஒளியாண்டுக்கும் அதிகமான தூரம் என்பதால் நமக்கு ஆபத்தில்லை.

இந்தக் கட்டங்களை எல்லாம் கருவி இல்லாமல் பார்க்க முடியுமா?

முடியும், அதுவும் ஒரே இரவில். ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் இருட்டியதும் ஓரையன் கூட்டத்தைத் தேடுங்கள், நடுவில் வரிசையாக மூன்று நட்சத்திரங்கள் இருக்கும். அதற்குப் பக்கத்தில் மங்கலாகப் புகை போலத் தெரிவது ஓரையன் நெபுலா, 1,300 ஒளியாண்டு தூரத்தில் இப்போதும் நட்சத்திரங்கள் பிறந்துகொண்டிருக்கும் இடம் (பைனாகுலர் இருந்தால் இன்னும் நன்றாகத் தெரியும்). கொஞ்சம் தள்ளி, சிறு கொத்தாக இருப்பது கார்த்திகைக் கூட்டம், வயது சுமார் 10 கோடி ஆண்டு, டைனோசர்கள் நடமாடியபோது பிறந்த இளசுகள். அதன் அருகே ஆரஞ்சு நிறத்தில் ரோகிணி, ஹைட்ரஜன் தீர்ந்து வீங்கிய ராட்சதன், சூரியன் பின்னாளில் எப்படி இருக்கும் என்பதற்கு மாதிரி. ஓரையனின் தோளில் சிவப்பாகத் திருவாதிரை, வெடிக்கக் காத்திருக்கிறது. பிறந்து ஏறக்குறைய ஒரு கோடி ஆண்டுதான் ஆகிறது, ஆனால் கிழம்.

அப்புறம் அந்த மூன்று நட்சத்திர வரிசையைப் பிடித்துக்கொண்டே ரோகிணிக்கு எதிர்த்திசையில் போனால் இரவு வானிலேயே பிரகாசமான நட்சத்திரம் வரும், சிரியஸ். அதற்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக் குள்ளன் இருக்கிறான், 1862-இல் ஆல்வன் கிரஹாம் கிளார்க் ஒரு புதுத் தொலைநோக்கி வில்லையைச் சோதிக்கும்போது கண்ணில் பட்டவன். சூரியன் அளவு நிறை, பூமி அளவு உருவம். கண்ணுக்குத் தெரியாது, சிரியஸின் வெளிச்சம் மறைத்துவிடும். ஆனால் நீங்கள் பார்க்கும் அந்தப் புள்ளியில்தான் இருக்கிறான்.